ஒப்பரேசன் முடிந்து வந்தவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை?

இரண்டு வசனங்களுக்கு நடுவில் ஒரு தொழிலாளி எட்டு மாதமாக நின்றுகொண்டிருக்கிறார். முதலாவது வசனத்தை வைத்தியர் எழுதினார்: "லேசான வேலை கொடுக்கலாம்." இரண்டாவதைத் தோட்ட ஆபீசில் வாயால் சொன்னார்கள்: "இங்கே லேசான வேலை இல்லை."

முதல் வசனத்தின்படி அவர் வேலை செய்யக் கூடியவர். அதனால் முழுமையாக இயலாமல் போனவருக்குக் கிடைக்க வேண்டியது அவருக்குக் கிடைக்காது. இரண்டாவது வசனத்தின்படி அவருக்கு வேலை இல்லை. அதனால் சம்பளமும் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் செக்ரோலிலும் இல்லை, சலுகைப் பட்டியலிலும் இல்லை. இது இவர் ஒருவருடைய கதை என்றால் நாங்கள் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. எமது டிவிசன்களில் இதே இடத்தில் நிற்பவர்கள் இன்னும் பலர். நோய் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அவருடைய பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது 52. பதினெட்டு வயதில் பேர் பதிந்தவர், ஆக 34 வருட சேவை. ஆரம்பத்தில் ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை. பதினொரு வருடத்துக்கு முன் அந்த ரோலரில் இடது கையின் இரண்டு விரல்கள் போயின. காயம் ஆறியதும் மலைக்கு அனுப்பினார்கள். மூன்று விரலோடு கவ்வாத்துக் கத்தி பிடிக்கப் பழகி, கொந்தரப்புக்கும் போய், மற்றவர்களுக்குக் குறையாமல் வெட்டியவர் என்று அவருடைய கணக்கப்பிள்ளையே சொல்கிறார். பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. மேட்டு லயத்துக்கு ஏறும்போது மூன்று இடத்தில் நின்றார். "வயசு போகுது சேர், வேற ஒன்னுமில்ல" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இருதயத்தின் வால்வு ஒன்று கெட்டுப் போயிருந்தது.

சத்திரசிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக நடந்தது. இந்த நாட்டில் இலவச வைத்தியம் என்ற ஒன்று இல்லாவிட்டால் நம்மில் எவருக்கும் இருதயத்தைத் திறந்து பார்க்கும் வாய்ப்பே வந்திருக்காது. அதைச் செய்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் எமது நன்றி என்றும் உண்டு. நாங்கள் பேச வந்தது வைத்தியசாலை வாசலைத் தாண்டி பஸ் ஏறிய பிறகு நடப்பதைப் பற்றி.

மெக்கானிக்கல் வகைச் செயற்கை வால்வு வைத்தவர் வாழ்நாள் முழுதும் வாபரின் என்ற மாத்திரை போட வேண்டும். அது இரத்தம் உறைந்து வால்வில் அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை. அதே காரணத்தால் சிறு வெட்டுக் காயமும் இலேசில் நிற்காது. எவ்வளவு மாத்திரை போட வேண்டும் என்பதைக் கணிக்க, இரத்தம் உறையும் நேரத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நெஞ்செலும்பை நடுவால் வெட்டித் திறந்து பிறகு கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது.

இப்போது நம் வேலையை எண்ணிப் பாருங்கள். கவ்வாத்து என்றால் சரிவில் நின்று, குனிந்து, தீட்டிய கத்தியால் நாள் முழுதும் வெட்டுவது. நல்ல இரண்டு கை உள்ளவனுக்கே கால் வழுக்கினால் கத்தி முழங்காலில் இறங்கும். இரத்தம் நிற்காத ஒருவரை, ஒரு கையில் மூன்று விரல் உள்ள ஒருவரை, அந்த வேலைக்கு அனுப்ப முடியுமா? கான் வெட்டு, முள்ளுக் குத்து, மருந்து அடிப்பு, கொழுந்துச் சாக்கு ஏற்றுவது, இவற்றில் எது அவருக்கு ஆகும்?

வைத்தியர் இதையெல்லாம் அறிந்து "லேசான வேலை" என்று எழுதவில்லை. கிளினிக்கில் வரிசை வாசல் வரை நிற்கும். "என்ன வேலை?" என்று கேட்டார். இவர் "தோட்ட வேலை" என்றார். நகரத்தில் தோட்ட வேலை என்றால் வீட்டு முற்றத்தில் பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் தோட்ட வேலைதான். வைத்தியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் கொடுக்கப்பட்ட இரண்டு வார்த்தைக்கு ஏற்ற இரண்டு வார்த்தையை அவர் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருடம் தொங்குகிறது.

ஆகவே நாங்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். இது எல்லாத் தோட்டக் கமிட்டிக்கும் பரவ வேண்டும் என்பது எமது விருப்பம். பெரிய சத்திரசிகிச்சை முடிந்து கிளினிக்குக்குப் போகிறவரின் கையில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறோம். அதில் அவர் செய்யும் வேலை என்ன, என்ன ஆயுதம் பிடிக்கிறார், மலையின் சரிவு எப்படி, லயத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்கிறார், எத்தனை கிலோ தூக்குகிறார், மழையிலும் பனியிலும் எத்தனை மணித்தியாலம் நிற்கிறார் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதியிருக்கும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுகிறோம். பாடசாலையில் இருக்கும் எங்களுக்கு இது அரை மணி நேர வேலை. அந்தக் கடிதத்தைப் படித்த வைத்தியர் இந்த முறை இப்படி எழுதினார்: சரிவில் ஏறுவது, வெட்டும் ஆயுதம் பிடிப்பது, பாரம் தூக்குவது மூன்றும் இவருக்கு நிரந்தரமாகக் கூடாது. அதே வைத்தியர்தான், அதே நோயாளிதான். இப்போது கையில் இருக்கும் தாளுக்கு ஒரு பொருள் உண்டு.

இனி, "லேசான வேலை இல்லை" என்ற பேச்சுக்கு வருவோம். உண்மையிலேயே இல்லையா? நாற்று நர்சரியில் பை நிரப்பும் வேலை இருக்கிறது. ஸ்டோர் வாசலில் காவல் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழுத்து வேலைக்குத் துணை தேவைப்படுகிறது. ஆபீசுக்கும் டிவிசனுக்கும் இடையில் கடதாசி கொண்டு போக ஆள் தேவைப்படுகிறது. பங்களாவில் பூந்தோட்டம் பார்க்க ஆள் தேவை என்றால் மறுநாள் காலையில் ஆள் நிற்கிறார். அது லேசான வேலை இல்லையா? வேலை இருக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது ஒரு சலுகையாக, ஒருவருடைய விருப்பமாக இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. வேலையில் உடல் கெட்டவருக்கே இந்த இடங்களில் முதல் உரிமை என்று எழுத்தில் ஒரு விதி வேண்டும். கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட விடயங்களைப் பேச ஒரு மேசையாவது இருந்தது. 2021-இல் நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபையின் கைக்குப் போன பிறகு எல்லாப் பேச்சும் ரூபா கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. சம்பளம் முக்கியம். ஆனால் சம்பளம் என்பது வேலைக்குப் போக முடிந்தவரின் பிரச்சினை. போக முடியாதவரைப் பற்றி யார் பேசுவது?

அடுத்தது கடிதம். இதை நிதானமாகப் படியுங்கள், வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நம்மவர் வைத்தியசாலையிலிருந்து வந்த மூன்றாம் வாரம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள், தேத்தண்ணியும் கொடுத்தார்கள். 34 வருடத்தில் ஆபீசில் அவர் குடித்த முதல் தேத்தண்ணி அது. பிறகு ஒரு தாளைத் தள்ளினார்கள். "சுகவீனம் காரணமாக எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் சேவைக்காலப் பணம் சீக்கிரம் வரும் என்றார்கள். அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது!

அந்தக் கையெழுத்து ஏன் அவர்களுக்கு அவ்வளவு அவசரம்? 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்க, ஊழியர் வேலை நிறுத்தம் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றம் இல்லாத ஒரு தொழிலாளியை நிறுத்த வேண்டுமானால் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, அந்தத் தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம். அல்லது, தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி. ஆணையாளரிடம் போனால் விசாரணை வரும், கேள்வி வரும், நட்டஈடு பற்றிய பேச்சு வரும். தொழிலாளியே எழுதிக் கொடுத்துவிட்டால் எந்தக் கேள்வியும் இல்லை. நோயாளியின் ஒரு கையெழுத்தின் விலை அவ்வளவு.

சேவைக்காலப் பணம் எங்கும் ஓடிவிடாது. 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம் உரியது. கடைசியாகப் பெற்ற சம்பள விகிதத்தில்தான் கணக்கு. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம்மவருக்கு 34 வருடம். 34-ஐ 14-ஆல் பெருக்கினால் 476 நாள். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே 642,600 ரூபா வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். அவர்கள் சரியாகச் செய்தார்கள். இன்னொன்றையும் ஒரு பிள்ளை கண்டுபிடித்தது: நாட்சம்பளம் 100 ரூபா கூடினால் அவருடைய சேவைக்காலப் பணம் 47,600 ரூபா கூடும். ஏனென்றால் பழைய வருடங்களுக்கும் புதிய சம்பளத்தில்தான் கணக்கு. அவசரப்பட்டு விலகுகிறவர் அடுத்த சம்பள உயர்வை 34 வருடத்துக்கும் சேர்த்து இழக்கிறார்.

இன்னும் இருக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதியம், நாம் ஈடீஎப் என்று சொல்வது, 1980-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நமது சம்பளத்தில் பிடிக்காமல் தோட்டம் தன் பங்காக 3 வீதம் கட்ட வேண்டிய நிதி அது. வேலை மாறும்போது எடுக்கும் சின்னக் காசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நிதியத்தில் அங்கத்தவரின் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவித் தொகை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. கண் வில்லை வைப்பதற்கும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கும் இருக்கிறது. இது வேலையில் இருந்து பணம் கட்டப்படும் அங்கத்தவருக்கான திட்டம். விலகல் கடிதத்தில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு இதைக் கேட்டு ஓடினால் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஈபீஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதியம், நம்மிடமிருந்து 8 வீதமும் தோட்டத்திடமிருந்து 12 வீதமும். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் வரும் என்று எல்லோரும் அறிவோம். நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலைக்கு இயலாமல் போனால் வயதுக்கு முன்னரும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு வைத்தியச் சான்று வேண்டும். மேலே சொன்ன "லேசான வேலை" என்ற இரண்டு வார்த்தை குறுக்கே விழுவது இங்கேதான். வேலையில் இருந்துகொண்டே, பத்து வருடத்துக்கு மேல் சேவையும் கணக்கில் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாத மீதியும் இருப்பவர், வீட்டுக்கோ வைத்தியச் செலவுக்கோ 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கும் ஏற்பாடும் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். வீடு கட்டத்தான் அது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு முன்பெல்லாம் கொழும்புக்கு எழுத வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் ஏற்கிறார்கள். அதுபோல் குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கும் பிரதேச செயலகம்தான், கிராம உத்தியோகத்தர் மூலமாக.

ஆக எத்தனை வாசல்? தோட்ட ஆபீஸ், தொழில் திணைக்களம், நம்பிக்கை நிதியச் சபை, பிரதேச செயலகம், வைத்தியசாலையின் பதிவு அறை. ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒவ்வொன்றிலும் வேறொரு வாசலின் தாள் கேட்பார்கள். நெஞ்சில் கம்பி போட்ட ஒருவர் இந்த ஐந்தையும் ஏறி இறங்க வேண்டும். அவரால் முடியாது என்பதால் மனைவி ஏறி இறங்குகிறார். அந்த நாளில் அவருடைய பேரும் போகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போரில் காயம்பட்ட படைவீரர்களின் நலனுக்காக 1999-இல் தனிச் சட்டம் கொண்டு வந்து ரணவிரு சேவா அதிகாரசபையை அமைத்தார்கள். அது தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கை கால் இழந்து வீட்டுக்கு வந்த எந்தப் பிள்ளையும் அலுவலகம் அலுவலகமாக அலையக் கூடாது. அவர்களுக்காக அரசாங்கத்தால் ஒரு வாசலைத் திறக்க முடிந்தது என்றால், அது முடியாத காரியம் அல்ல என்று தெரிகிறது. இருநூறு வருடமாக இந்த நாட்டின் ஏற்றுமதிக்காக மலையில் விரலையும் முதுகெலும்பையும் நுரையீரலையும் கொடுத்தவர்களுக்கு ஏன் ஒரு வாசல் இல்லை? பிரதேச செயலகத்தில் ஒரு மேசை, தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தர், வாரத்தில் ஒரு நாள். அவர் மற்ற நான்கு இடங்களுக்கும் கடிதம் அனுப்பட்டும். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

பெயர்ச் சிக்கலைப் பற்றித் தனியாகவே ஒரு இதழ் எழுதலாம். செக்ரோலில் கங்காணி எழுதிய பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் கேட்டு எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, ஈபீஎப் கணக்கில் ஆங்கிலத்தில் வேறொன்று. பிறப்புச் சான்றிதழே இல்லாமல் வளர்ந்த தலைமுறையும் நம்மிடையே இருக்கிறது. நம்மவரின் விடயத்தில் ஒரே ஓர் எழுத்து. செக்ரோலில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாகப் பின்னால். "இது இரண்டு ஆள்" என்று ஒரு கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, தோட்டத்திலிருந்து ஒரே ஆள்தான் என்று உறுதிக் கடிதம் வாங்கி, அதற்கே ஏழு வாரம் போயிற்று. நோய் வந்த பிறகு பெயரைத் திருத்த ஓடாதீர்கள். நல்ல சுகத்தோடு இருக்கும்போதே நான்கு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதனிடம் கொடுத்தால் போதும்.

விரல்களைப் பற்றி. பதினொரு வருடத்துக்கு முன் ரோலரில் போன அந்த இரண்டு விரலுக்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டோம். வைத்தியசாலையில் இருந்த நாள்களுக்குச் சம்பளமும், ஒரு பால்மா பெட்டியும், "கவலைப்படாதே, வேலை தருகிறோம்" என்ற பேச்சும். வேலைத்தலத்தில் நேரும் காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் இந்த நாட்டில் 1934-லேயே வந்துவிட்டது. எந்த உறுப்பு போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனதாகக் கணிப்பது என்று அதில் அட்டவணையே இருக்கிறது, விரல் விரலாக. 2022-இல் அதைத் திருத்தி, உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சமாகக் கூட்டினார்கள். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தார்கள். இவ்வளவும் இருந்தும் அன்று யாரும் அவருக்காக விண்ணப்பிக்கவில்லை. பதினொரு வருடம் கழித்து அதைத் திறப்பது மிகவும் கடினம். முயற்சி செய்கிறோம். ஆனால் இன்று ஸ்டோரில் நிற்கும் இளைஞர்களுக்குச் சொல்கிறோம்: காயம் பட்ட அன்றே விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்பென்சரித் துண்டைத் தொலைக்காதீர்கள். பால்மா பெட்டியோடு வருகிறவரிடம் நன்றி சொல்லுங்கள், பெட்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு விடயம் முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அவருக்காகப் பெரட்டுக் களத்தில் தலைக்கு 100 ரூபா சேர்த்தார்கள். கோயில் கமிட்டியும் கொடுத்தது. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகள் அனுப்பினார்கள். இப்படிப்பட்ட மனது இந்த லயங்களைத் தவிர வேறெங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. நாட்சம்பளக்காரர்கள் தங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். சட்டப்படி கொடுக்க வேண்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தட்டில் தோட்ட நிர்வாகமும் ஐயாயிரம் போட்டு, அதைப் படமும் எடுத்துக்கொண்டது. ஐயாயிரம் போட்டவரிடம் ஆறு இலட்சத்தைக் கேட்க நம்மவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. "உதவி செஞ்ச மனுசர்கிட்ட எப்படி சேர் கேஸ் போடுறது?" என்று எங்களையே கேட்டார். சேர்க்க வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம். அரிசி வாங்க அந்தக் காசு தேவை. ஆனால் தட்டு சுற்றும் அதே நாளில் விண்ணப்பமும் எழுதப்பட வேண்டும்.

பெண்களின் நிலை இதைவிட மோசம். அவருடைய வால்வு எப்படிக் கெட்டது என்று வைத்தியரிடம் கேட்டபோது, சிறு வயதில் வந்து சரியாகக் கவனிக்காத தொண்டை நோவும், அதைத் தொடர்ந்த வாதக் காய்ச்சலும் காரணமாக இருக்கலாம் என்றார். ஒரே காம்பராவில் ஏழு எட்டுப் பேர் படுத்தால் ஒரு பிள்ளையின் தொண்டை நோவு விடிவதற்குள் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும். லயத்துக் காம்பராவின் நெருக்கடி நாற்பது வருடம் கழித்து இருதயத்தில் வந்து நிற்கிறது. இப்படி வால்வு கெட்ட பெண்கள், பிள்ளை பெறும்போதுதான் மூச்சு முட்டித் தெரிந்துகொள்கிறார்கள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மேட்டில் ஏறும் பெண் "களைப்பாக இருக்கிறது" என்று சொன்னால், யார் அதைக் காதில் வாங்குகிறார்கள்? தொண்டை நோவோடு முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மாறி மாறி வீங்கும் பிள்ளையை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கோடாலித் தைலம் பூசிவிட்டுப் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். வகுப்பில் பார்த்தால் நாங்களும் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவோம்.

பாடசாலையில் இருந்துகொண்டு பார்க்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. தகப்பன் வைத்தியசாலையில் என்றால் முதல் வாரம் பிள்ளை பிந்தி வருகிறது. இரண்டாம் மாதம் வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது "கொழும்புல மாமா கடையில இருக்காரு சேர்" என்று தம்பியிடம் சொல்லி அனுப்புகிறது. நம்மவரின் மூத்த மகன் இன்னும் வகுப்பில் இருக்கிறான். அந்த 642,600 ரூபாவோ, மாதாந்தக் கொடுப்பனவோ, காவல் வேலையோ, ஏதாவது ஒன்று டிசம்பருக்கு முன் வந்தால் அவன் பரீட்சை எழுதுவான்.

இப்போது நிலைமை இதுதான். விலகல் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு கிளினிக் துண்டின் பிரதியையும் ஆபீசில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார், நாளைக்கு "தானாகவே வேலையை விட்டுப் போனார்" என்று யாரும் சொல்ல முடியாதபடி. வைத்தியரின் புதிய சான்றிதழோடு, நெஞ்சு ஆறும் காலம் முடிந்ததும் மேட்டில் ஏறாத வேலை தருமாறு சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதினான்கு நாளில் பதில் இல்லாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு. நம்பிக்கை நிதிய விண்ணப்பம் போய்விட்டது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்குக் கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு இன்னும் வர வேண்டும். எல்லா விண்ணப்பமும் தமிழில்தான் எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது, சிங்களப் படிவத்தைக் காட்டி யாராவது திருப்பி அனுப்பினால் எங்களிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் இருப்போம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈபீஎப் கணக்குக் கூற்று, கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, வைத்தியசாலைத் துண்டுகள் இருந்தால் அவையும், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்று கேட்க மாட்டோம். நடக்க முடியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், லயத்துக்கு நாங்கள் வருகிறோம்.